பெயர் தெரியாத வலி: எல்லையோரத் தமிழ்ப் பெண்களுக்கு எட்டாத நோயறிதல்

புதுதில்லி: மாதவிடாய்க் கால விடுப்பு தொடர்பாக 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி மக்களவையில் திருவனந்தபுரம் உறுப்பினர் சசி தரூர் எழுப்பிய கேள்விக்கு, அப்போதைய மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுத் துறை அமைச்சர் ஸ்மிருதி இரானி எழுத்து மூலம் பதிலளித்தார். கடுமையான மாதவிடாய் வலியால் அவதியுறும் பெண்கள் சிறு விழுக்காட்டினரே என்றும், அவர்களில் பெரும்பாலோரின் தொல்லையை மருந்துகளைக் கொண்டு சமாளிக்க முடியும் என்றும் அதில் தெரிவிக்கப்பட்டிருந்தது. சில நாள்களில் மாநிலங்களவையில் உறுப்பினர் மனோஜ் குமார் ஜாவின் கேள்விக்குப் பதிலளித்த அவர், மாதவிடாய் ஓர் உடற்குறை அல்ல. ஊதியத்துடன் கூடிய தனி விடுப்பு தேவையில்லை என்றார். அதைத் தொடர்ந்து நாடு முழுவதும் எழுந்த விவாதம் விடுப்பைச் சுற்றியே அமைந்தது. அந்தச் "சிறு விழுக்காட்டினர்" யார், அவர்களது வலிக்குக் காரணம் என்ன என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது.

அந்த வலிக்கான முக்கியக் காரணங்களில் ஒன்று எண்டோமெட்ரியோசிஸ். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேர், அதாவது சுமார் 19 கோடி பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர். இந்தியாவில் இந்த எண்ணிக்கை 4 கோடிக்கும் மேல் என்ற மதிப்பீடு பரவலாக எடுத்தாளப்படுகிறது. பத்தில் ஒருவர் என்ற இதே விகிதத்தை மூணாறு மலையின் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பொருத்திப் பார்த்தால், பத்து வீடுகள் கொண்ட ஒவ்வொரு லய வரிசையிலும் குறைந்தது ஒரு பெண்ணேனும் இந்நோயுடன் இருக்கக்கூடும். ஆனால் அவருடைய மருத்துவச் சீட்டில் பெரும்பாலும் எழுதப்பட்டிருப்பது "வயிற்று வலி" என்பதே.

நோயின் இயல்பு: கருப்பையின் உட்புறத்தில் மாதந்தோறும் வளர்ந்து உதிரும் சவ்வைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பை, கருக்குழாய், அடிவயிற்றின் உட்சுவர், சிறுநீர்ப்பை, குடல் ஆகிய இடங்களில் இது படரலாம். இயக்குநீர்களின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப இத்திசுவும் தூண்டப்பட்டு, சுற்றிலும் அழற்சியும் தழும்பும் உண்டாகின்றன. காலப்போக்கில் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. சினைப்பையில் பழைய குருதி தேங்கி உருவாகும் கட்டியை அதன் நிறத்தை வைத்து "சாக்லேட் கட்டி" என்று மருத்துவர்கள் அழைக்கின்றனர்.

மாதவிடாய் நாள்களில் எழுந்து நடமாட முடியாத வலி, மற்ற நாள்களிலும் விட்டு விட்டு வரும் அடிவயிற்று வலி, மலம் கழிக்கும்போதும் சிறுநீர் கழிக்கும்போதும் வேதனை, தாம்பத்திய உறவின்போது வலி, தீராத களைப்பு, கருத்தரிப்பதில் தாமதம் ஆகியவை இதன் அறிகுறிகள். எல்லா அறிகுறிகளும் எல்லோருக்கும் தோன்றுவதில்லை. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கும் வலியின் கடுமைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. சிறு புள்ளிகளாக இருக்கும் நோய் ஒருவரைப் படுக்கையில் தள்ளலாம். பெரிய கட்டி இருக்கும் மற்றொருவருக்கு வலியே தெரியாமலும் இருக்கலாம்.

"எண்டோமெட்ரியோசிஸ்" என்ற பெயரை 1920-களில் மருத்துவ உலகில் நிலைபெறச் செய்தவர் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன். மாதவிடாய்க் குருதியின் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிச் சென்று வயிற்றுக்குள் படிவதே காரணம் என்று 1927-இல் அவர் விளக்கினார். ஆனால் இவ்வாறு பின்னோக்கிச் செல்வது பெரும்பாலான பெண்களுக்கு நிகழ்கிறது. நோய் சிலருக்கே வருகிறது. எனவே மரபணு, நோய் எதிர்ப்பாற்றல், இயக்குநீர் ஆகியவற்றின் பங்கு குறித்து ஆய்வுகள் தொடர்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் மும்பை இனப்பெருக்க, குழந்தை நல ஆய்வு நிறுவனம் நாட்டின் பல மையங்களை இணைத்து இந்நோயின் மருத்துவ, மரபணுக் கூறுகளை ஆராய்ந்து வருகிறது.

மலையில் ஒரு நாள்: இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீருமேடு வட்டங்களில் தேயிலை, ஏலத் தோட்டங்களின் உழைப்பைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். பல தலைமுறைகளுக்கு முன் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து மலையேறிய குடும்பங்களின் வழிவந்தவர்கள் லயங்களில் வாழ்கின்றனர். இவர்களைத் தவிர, கம்பம், போடி பகுதிகளிலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஜீப்புகளில் ஏலத் தோட்டங்களுக்கு அன்றாடம் சென்று திரும்புவோரும் ஏராளம்.

கொழுந்து பறிப்பவர் சரிவில் நின்றபடி நாள் முழுவதும் வேலை செய்ய வேண்டும். பறித்த கொழுந்தைச் சுமந்து எடை போடும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஏலக்காய் எடுப்பவர் செடியின் தூரில் குனிந்தும் குந்தியும் காய் பறிக்க வேண்டும். வளைந்து நெளிந்த சாலையில் நெருக்கியடித்துச் செல்லும் ஜீப் பயணமும், கழிப்பறை இல்லாத காடும் மாதவிடாய் நாள்களில் வேதனையைப் பெருக்குகின்றன. தேயிலையில் குறிப்பிட்ட எடையைத் தாண்டிப் பறித்தால்தான் கூடுதல் காசு. வலியால் கை தளர்ந்தால் அன்றைய கொழுந்து குறையும். வேலைக்கே வராவிட்டால் பேர் விழாது. சிறு விழுக்காடு என்று தில்லியில் கூறப்பட்ட தொல்லை, இங்கு மாதச் சம்பளத்தில் நேரடியாகக் குறைகிறது.

கடந்த 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாறில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கங்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே நடத்திய ஒன்பது நாள் போராட்டம் நாட்டின் கவனத்தை ஈர்த்தது. "பெண்பிளை ஒருமை" என்று அறியப்பட்ட அப்போராட்டம் 20 சதவீத போனஸ் கோரிக்கையில் வென்றது. 232 ரூபாயாக இருந்த நாள் கூலி அடுத்த மாதமே 301 ரூபாயாக உயர்ந்தது. கூலியுடன் வீட்டு வசதி, மருத்துவ வசதி குறித்த குறைகளும் அப்போது பேசப்பட்டன. போனஸுக்கும் கூலிக்கும் தீர்வு கிடைத்தது. உடல்நலம் மீண்டும் பேசப்படாத விஷயமாயிற்று.

தாமதம் ஏன்?: வலி தொடங்கியதற்கும் நோய் உறுதி செய்யப்படுவதற்கும் இடையே பல ஆண்டுகள் கழிவது உலகெங்கும் காணப்படும் நிலை. முதல் தாமதம் வீட்டிலேயே ஏற்படுகிறது. "எல்லாப் பெண்ணுக்கும் உள்ளதுதானே", "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்", "ஒரு பிள்ளை பெற்றால் போய்விடும்" என்ற சொற்களைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பெண் அரிது. மாதவிடாயை "தூரம்" என்று குறிக்கும் வழக்கமுள்ள சமூகத்தில், அதைப் பற்றி ஆண்களின் முன் பேசுவதே கூச்சத்துக்குரியது. திருமணமாகாத பெண்ணை மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்குக் குடும்பங்கள் தயங்குகின்றன.

இரண்டாவது தாமதம் மருத்துவமனையில் நிகழ்கிறது. வயிற்றின் மேல் வைத்து எடுக்கப்படும் வழக்கமான ஸ்கேனில் சாக்லேட் கட்டி தெரியலாம். அடிவயிற்றுச் சுவரில் படர்ந்த மெல்லிய நோய்த்திசு பெரும்பாலும் தெரிவதில்லை. "ஸ்கேன் சரியாக உள்ளது" என்ற ஒரு வரியுடன் பலரது தேடல் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பதே மருத்துவம் கூறும் உண்மை.

இது ஏழைகளுக்கு மட்டும் நேரும் தாமதமும் அல்ல. சென்னையில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொகுப்பாளரான பத்மா லட்சுமி, பதின்ம வயதிலிருந்து வலியை அனுபவித்தும், நோய் இன்னதென்று அறிந்தது 36-ஆவது வயதில்தான். நியூயார்க்கின் மருத்துவ வசதிகள் அனைத்தும் எட்டும் தொலைவில் இருந்தவருக்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதன் பின்னர் 2009-இல் மருத்துவர் தாமர் செச்கினுடன் இணைந்து அமெரிக்க எண்டோமெட்ரியோசிஸ் அறக்கட்டளையை அவர் நிறுவினார்.

எல்லையின் சிக்கல்: எல்லையோரத்தில் வாழும் பெண்ணுக்கு இவற்றுடன் மூன்றாவது தாமதமும் சேர்ந்துகொள்கிறது. மூணாறு பகுதியில் உள்ளவர் தோட்ட மருத்துவமனையைத் தாண்டினால் அடிமாலி வட்ட மருத்துவமனைக்கோ, இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ செல்ல வேண்டும். 2014-இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரி இடையில் அங்கீகாரத்தை இழந்து, 2022-இல்தான் மீண்டும் மாணவர்களைச் சேர்த்தது. உயர் சிகிச்சைக்குக் கோட்டயம் அல்லது கொச்சி; இல்லையெனில் மலையிறங்கித் தேனி, மதுரை. உறவினர்களும் மொழியும் இருக்கும் இடம் என்பதால் பலரும் தமிழகப் பக்கமே இறங்குகின்றனர்.

பாலக்காடு மாவட்டத்திலும் இதே நிலைதான். சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஆகிய ஊர்களில் தமிழே வீட்டுமொழி. தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. இப்பகுதியினருக்குக் கோவையும் பொள்ளாச்சியும் அருகில் உள்ளன. அட்டப்பாடியின் பழங்குடிப் பெண்களுக்கு அகளி, கோட்டத்தறை மருத்துவமனைகளுக்கு அப்பால் மண்ணார்க்காட்டுக்கு மலைப்பாதையில் இறங்குவது ஒரு வழி. ஆனைகட்டி வழியாகக் கோவைக்குச் செல்வது மற்றொரு வழி. பரம்பிக்குளத்தில் வசிப்போர் சாலை வழியாகத் தங்கள் மாவட்டத் தலைநகரை அடைய டாப்சிலிப், சேத்துமடை எனத் தமிழக மண்ணில் இறங்கித்தான் செல்ல வேண்டும்.

எல்லை தாண்டும்போது மருத்துவ விவரங்கள் உடன் வருவதில்லை. கேரளத்தில் எடுத்த ஸ்கேனும் மருந்துச் சீட்டும் இல்லாமல் தமிழகத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டியுள்ளது. கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய பாதுகாப்புத் திட்டமும், தமிழகத்தின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அந்தந்த மாநிலக் குடும்பங்களுக்கானவை. 2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் பிற மாநிலங்களிலும் சிகிச்சை பெற வழி செய்யப்பட்டுள்ளது. எனினும் அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு உரியது. வெளிநோயாளியாக மாதந்தோறும் வாங்க வேண்டிய மாத்திரைக்கு அது உதவாது. தவிர, "இழுத்துப் பிடிக்கிறது", "சூலை குத்துகிறது" என்று தமிழில் சொல்லப்படும் வலி, மருத்துவச் சீட்டில் வெறும் "வயிற்று வலி"யாகச் சுருங்கிவிடுகிறது.

மாத்திரையும் அறுவையும்: காரணம் அறியப்படாத வலிக்கு இரு எல்லைகளில் தீர்வு தேடப்படுகிறது. ஒன்று, பெட்டிக்கடையிலும் கிடைக்கும் வலி மாத்திரை. திருப்பூர், கோவை பகுதிகளை உள்ளடக்கிய தமிழக ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் வலிக்காகப் பெண்களுக்குப் பெயர் அச்சிடப்படாத மாத்திரைகள் வழங்கப்பட்டதை, சுமார் 100 பெண்களிடம் பேசி 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிக்கொணர்ந்தது. பரவலாகப் பயன்படும் மெஃபனாமிக் அமிலம் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை ஏற்படுத்தக்கூடும் என இந்திய மருந்துத் தர ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் தேதி எச்சரித்தது. இது அரிதாகவே நேரும் பக்க விளைவு. மருத்துவர் சொன்ன அளவில் உட்கொள்வதில் தவறில்லை என்றாலும், ஆண்டுக்கணக்கில் தானாகவே வாங்கி விழுங்குவது நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது.

மற்றோர் எல்லை, கருப்பையையே அகற்றிவிடுவது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண் தொழிலாளர்களிடம் 2019-இல் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், 82,309 பேரில் 13,861 பேர் கருப்பை அகற்றும் சிகிச்சை செய்துகொண்டிருந்தது தெரிய வந்தது. மாதவிடாயால் ஒரு நாள் வேலை போனாலும் அபராதம் என்ற நிலையே பலரை அந்த முடிவுக்குத் தள்ளியது. தேவையற்ற கருப்பை அகற்றங்களைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் ஏற்குமாறு மாநிலங்களுக்கு 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. எண்டோமெட்ரியோசிஸைப் பொருத்தவரை நோய் இருப்பது கருப்பைக்கு வெளியே. எனவே கருப்பையை மட்டும் அகற்றுவதால் வலி தீரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நோயறிதலில் மாற்றம்: வயிற்றில் சிறு துளையிட்டு லேப்ராஸ்கோப் கருவி மூலம் நேரில் பார்த்தால்தான் நோயை உறுதி செய்ய முடியும் என்பது நீண்ட காலம் நிலவிய கருத்து. மலைக்கிராமப் பெண்ணுக்கு அது எட்டாக்கனி. ஆனால் ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இந்நிலை மாற்றப்பட்டது. அறிகுறிகளையும் பரிசோதனையையும் ஸ்கேனையும் கொண்டே சிகிச்சையைத் தொடங்கலாம். அவற்றில் விடை கிடைக்காதபோதோ, மருந்து பலனளிக்காதபோதோ லேப்ராஸ்கோப்பை நாடலாம் என்பது அதன் சாரம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சந்தேகத்தை எழுப்பி, உரிய இடத்துக்கு அனுப்ப முடியும் என்பதே இம்மாற்றத்தின் பொருள்.

இந்நோயை அடியோடு போக்கும் மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் கட்டுக்குள் வைக்க வழிகள் உள்ளன. வலி நிவாரணிகள், கருத்தடை மாத்திரைகள், புரொஜெஸ்டின் வகை மாத்திரைகள், கருப்பைக்குள் பொருத்தப்படும் இயக்குநீர் சாதனம் ஆகியவை நோயாளியின் வயதுக்கும் தேவைக்கும் ஏற்ப அளிக்கப்படுகின்றன. இயக்குநீர் சிகிச்சையின்போது பொதுவாகக் கருத்தரிக்க இயலாது என்பதால், குழந்தை வேண்டுவோருக்குச் சிகிச்சை முறை வேறுபடும். நோய்த்திசுவை அறுவைச் சிகிச்சையில் அகற்றிய பின்னரும் அது மீண்டும் வரக்கூடும். திருமணமாகாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரை எழுதப்பட்டால் குடும்பத்தில் எழும் ஐயத்தைப் போக்குவதும் மருத்துவரின் பணியில் அடங்கும்.

எந்த நாளில் வலி தொடங்கியது, எத்தனை நாள் நீடித்தது, எத்தனை நாள் வேலைக்குச் செல்ல முடியவில்லை, மலம், சிறுநீர் கழிக்கையில் வலி உண்டா என்பவற்றை மூன்று மாதங்களுக்கு நாள்காட்டியில் குறித்து மருத்துவரிடம் காட்டுவது நோயறிதலை எளிதாக்கும். ஸ்கேன் அறிக்கைகளையும் சீட்டுகளையும் ஒரே உறையில் பாதுகாத்தால் எல்லையின் இருபுறமும் அவை பயன்படும்.

சான்றும் விடுப்பும்: மாணவியருக்கான விடுப்பு விஷயத்தில் கேரளம் பிற மாநிலங்களுக்கு முன்னோடியாகவே உள்ளது. கொச்சி அறிவியல், தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2023 ஜனவரியில் மாணவியருக்கு வருகைப்பதிவில் 2 சதவீதச் சலுகை அளித்தது. அதே மாதத்தில் அரசு அதனைப் பிற பல்கலைக்கழகங்களுக்கும் விரிவுபடுத்தியது. 2024 நவம்பரில் தொழிற்பயிற்சி நிலைய மாணவியருக்கு மாதம் இரு நாள் விடுப்பு அறிவிக்கப்பட்டது. பிகாரில் அரசுப் பெண் ஊழியர்களுக்கு 1992 முதல் மாதம் இரு நாள் விடுப்பு உள்ளது. கர்நாடகம் 2025-இல் ஆண்டுக்கு 12 நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பை அறிவித்து, தோட்டத் தொழிலாளர்களையும் அதில் சேர்த்தது. அதை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. மாணவியருக்குக் கிடைத்த சலுகை அவர்களுடைய தாய்மார் கொழுந்து பறிக்கும் மலைக்கு இன்னும் ஏறவில்லை.

தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951, நோயுற்ற தொழிலாளிக்கு நோய்க்காலப் படி வழங்க வகை செய்திருந்தது. ஆனால் தகுதி பெற்ற மருத்துவர் சான்றளித்தால் மட்டுமே அது கிடைக்கும். வலிக்குப் பெயர் இல்லையெனில் சான்று இல்லை. சான்று இல்லையெனில் படியும் இல்லை. கடந்த 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அச்சட்டத்தின் இடத்தைப் பிடித்தன. தோட்டங்களில் மருத்துவ வசதி செய்து தரும் கடமை புதிய தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது. நிர்வாகம் விரும்பினால் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் தோட்டங்களைச் சேர்க்கவும் வழி உண்டு. எந்த வழியில் சென்றாலும் நோயின் பெயர் எழுதப்பட்ட சீட்டே முதல் படி.

அவையில் எழ வேண்டிய கேள்வி: ஆஸ்திரேலியா 2018-இல் இந்நோய்க்கெனத் தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. பிரான்ஸ் அதிபர் இம்மானுவேல் மேக்ரான் 2022 ஜனவரியில் தேசிய அளவிலான திட்டத்தை அறிவித்தார். இந்தியாவில் மாதவிடாய் குறித்த அரசுத் திட்டங்கள் பெரிதும் அணையாடை வழங்குவதையும் தூய்மையையும் மையமாகக் கொண்டவை. ஆஷா பணியாளர்கள் வீடு வீடாக அணையாடையைக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடு 2011 முதல் உள்ளது. அதே பணியாளர், "மாதத்தில் எத்தனை நாள் வலியால் வேலைக்குச் செல்லவில்லை?" என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால், நோயறிதலின் முதல் கதவு வீட்டு வாசலிலேயே திறக்கும். அதற்குப் புதிய மருத்துவமனை தேவையில்லை. எல்லையோரத்தில் அக்கேள்வி தமிழில் கேட்கப்பட வேண்டும் என்பதே கூடுதல் தேவை.

பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 6-ஆவது இனமாக உள்ளன. எனவே இது மாநிலங்களின் பொறுப்பு என்ற பதில் தில்லியில் எளிதில் கிடைக்கும். ஆனால் இரு மாநிலங்களுக்கு இடையே அலையும் நோயாளிக்கு அந்தப் பதில் போதாது. இரு மாநில மருத்துவ ஆவணங்களை ஏற்பதும், எல்லையோர மருத்துவமனைகளை இணைப்பதும் மத்திய அரசின் ஒருங்கிணைப்பு இன்றி நடவாதவை. கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு, ஆலத்தூர், தமிழகத்தின் தேனி, பொள்ளாச்சி, கோவை என ஆறு மக்களவைத் தொகுதிகள் இவ்வெல்லையின் இருபுறமும் அமைந்துள்ளன. சிறு விழுக்காட்டினர் என்று 2023-இல் அவையில் சொல்லப்பட்டவர்களில் எத்தனை பேர் தங்கள் தொகுதியில் உள்ளனர் என்று இந்த ஆறு உறுப்பினர்களும் சேர்ந்து கேட்டால், அதற்கான பதிலைத் தேடியேனும் அரசு மலையேற வேண்டியிருக்கும்.